வீட்டில் பண்டிகை விருந்து: பதறாமல் செய்ய மூன்று வாரத் திட்டம்

வீட்டில் முதல் முறையாகப் பண்டிகை விருந்து வைத்தபோது 14 பேரை மதியம் 1 மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். முதல் தட்டு மேசைக்கு வந்தபோது மணி 3:15. அன்று செய்த ஒவ்வொன்றும் நான் பல வருடம் சமைத்துப் பழகியதுதான். ஆனால் கடைசி ஒரு மணி நேரத்தில் ஐந்து பாத்திரங்களுக்கு அடுப்பு தேவைப்பட்டது. என்னிடம் இருந்ததோ மூன்று பர்னர். முந்தின நாள் ராத்திரி ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்த இறைச்சி வெளியே இளகி, உள்ளே கல்லாக இருந்தது. குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். வெகுநாள் கழித்து வந்த உறவுகளோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசக்கூட முடியவில்லை. அதுதான் இன்றும் மனதில் நிற்கிறது.

அதற்குப் பிறகு எட்டு விருந்து வைத்துவிட்டேன். அதே வீடு, அதே மூன்று பர்னர். இப்போது எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அடுப்பு, ஃப்ரிட்ஜ், கடிகாரம் மூன்றையும் முன்கூட்டியே கணக்குப் பார்க்கப் பழகியதால் வந்த மாற்றம் இது. முதல் முறை விருந்து வைக்கப் போகிறவர்களுக்காக அந்தக் கணக்கை வரிசையாக எழுதுகிறேன். 8 முதல் 20 பேர் வரை இது பொருந்தும். அதற்கு மேல் போனால் சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்வதே நல்லது.

தொடங்கும் முன் நான்கு தாள் எடுத்துக்கொள்ளுங்கள்: வருகிறவர்கள் பட்டியல், அடுப்புத் தாள், கடைப் பட்டியல், நேர அட்டவணை. நான்கையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். ஃபோனில் எழுதி வைத்தால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மாவுக் கையோடு அதைத் திறக்கவும் முடியாது.

1. இரண்டு நேரம் குறியுங்கள் (3 வாரம் முன்பு)

தேதியை முடிவு செய்ததும், வரும் நேரம் ஒன்று, சாப்பிடும் நேரம் ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் இருக்கட்டும். “12 மணிக்கு வந்துவிடுங்கள், 1 மணிக்குச் சாப்பாடு” என்று இரண்டையும் சொல்லியே அழையுங்கள். “மதியம் வாங்க” என்று மட்டும் சொன்னால் ஒருவர் 11 மணிக்கு வருவார், இன்னொருவர் 2 மணிக்கு வருவார். நேர அட்டவணை முழுவதும் இந்தச் சாப்பாட்டு நேரத்தைப் பிடித்துத்தான் நிற்கிறது. அதனால் இதை மட்டும் பிறகு மாற்றாதீர்கள்.

2. தலைக்கணக்கு எடுங்கள், ஒவ்வாமையைக் கேளுங்கள் (3 வாரத்திலிருந்து 2 வாரம் முன்பு வரை)

குழுச் செய்தியில் “யாருக்காவது ஏதாவது ஒத்துக்காதா?” என்று கேட்டால் பலர் பதில் சொல்ல மாட்டார்கள். சிலருக்குக் கூச்சம், சிலருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற எண்ணம். வீட்டுக்கு ஒரு ஆளிடம் ஃபோனில் பேசிக் கேளுங்கள். பட்டியலில் பெயர், பெரியவரா குழந்தையா, எதைச் சாப்பிட மாட்டார், எது ஒத்துக்கொள்ளாது, எப்போது கிளம்ப வேண்டும் என்று பத்திகள் போடுங்கள்.

“சாப்பிட மாட்டார்” என்பதும் “ஒத்துக்கொள்ளாது” என்பதும் ஒன்றல்ல. கத்தரிக்காய் பிடிக்காதவர் அதை ஒதுக்கி வைத்துவிடுவார். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கோ, கடலை கிளறிய கரண்டியை வேறு பாத்திரத்தில் விட்டாலே ஆபத்து. பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, எள் ஆகியவை அதிகம் பேருக்கு ஒவ்வாமை தருபவை. இவற்றைப் பெயர் சொல்லியே கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் எள் யாருக்கும் நினைவுக்கு வராது.

அப்படி ஒருவர் வருகிறார் என்றால் அவருக்கானதை முதலில் சமைத்து, மூடி, தனிக் கரண்டியோடு வைத்துவிடுங்கள். வாங்கிய மசாலா, சாஸ், பிஸ்கட் பாக்கெட்டுகளைச் சாப்பாடு முடியும்வரை குப்பையில் போடாதீர்கள். “இதில் என்ன இருக்கிறது?” என்று அவர் கேட்டால், பாக்கெட்டைக் காட்டிவிடலாம்.

கர்ப்பிணிகள் இருந்தால் பச்சை முட்டை சேர்த்த இனிப்பையும் காய்ச்சாத பாலில் செய்ததையும் அவர்களுக்குப் பரிமாறாதீர்கள். மெல்லச் சிரமப்படும் முதியவர்களுக்கு மென்மையாக ஏதாவது ஒன்று இருக்கட்டும். இது எளிதில் மறந்துபோகும், நானும் மறந்திருக்கிறேன்.

3. அடுப்பைப் பார்த்து மெனு போடுங்கள் (2 வாரம் முன்பு)

விருந்து தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். “என்னென்ன செய்யலாம்?” என்று ஆசையாக எழுத ஆரம்பித்தால் பட்டியல் பத்தைத் தாண்டிவிடும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, “கடைசி ஒரு மணி நேரத்தில் எத்தனை பாத்திரத்துக்கு அடுப்பில் இடம் இருக்கிறது?” என்பது.

ஒரு தாளில் மேலே பர்னர் 1, பர்னர் 2, பர்னர் 3, ஓவன் என்று பத்தி போடுங்கள். இடப்பக்கம் 10 மணியிலிருந்து 1 மணி வரை, 15 நிமிடத்துக்கு ஒரு வரி. இப்போது செய்ய நினைத்த ஒவ்வொன்றையும் அது அடுப்பில் இருக்கும் கட்டங்களில் பென்சிலால் எழுதுங்கள். ஒரே கட்டத்தில் இரண்டு பெயர் விழுந்தால் அதில் ஒன்றை மாற்ற வேண்டும். என் முதல் விருந்துக்கு இந்தத் தாளைப் பிறகு போட்டுப் பார்த்தேன். 12 மணிக்கும் 12:45-க்கும் இடையில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர் விழுந்த கட்டம் இருந்தது. சமைக்கத் தொடங்கும் முன்பே தாமதம் உறுதியாகியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அடுப்புத் தாள் இடிக்காமல் இருக்க நான் கடைப்பிடிப்பது இது. மெனுவில் பாதியாவது முந்தின நாளே முடிந்துவிட வேண்டும். ஊறி நிற்கும் கிரேவி வகைகள் மறுநாள் இன்னும் ருசியாகவே இருக்கும். குளிர்ந்த இனிப்பும் முந்தின நாள் வேலைதான். ஒன்றோ இரண்டோ அடுப்பே தேவைப்படாததாக இருக்கட்டும்: பழம், சாலட், தயிர் சேர்த்தது. கடைசி நேரத்தில் சூடாகச் செய்வது அதிகபட்சம் இரண்டு. ஒன்றைக் கடையில் வாங்கிவிடுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

எண்ணெயில் பொரித்துச் சுடச்சுடத் தருவதை முதல் விருந்தில் தவிர்த்துவிடுங்கள். 14 பேருக்குப் பொரிக்க ஒருவர் அடுப்பை விட்டு நகராமல் நிற்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். இதுவரை செய்தே பார்க்காத ஒரு சமையலையும் அன்று முயல வேண்டாம். ஆசையாக இருந்தால் இந்த இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை வீட்டாருக்குச் செய்து பாருங்கள்.

4 பேருக்கான குறிப்பை 12 பேருக்குப் பெருக்கும்போது நேரம் அப்படியே இருக்காது. 2 லிட்டர் தண்ணீர் 10 நிமிடத்தில் கொதித்தால், அதே பர்னரில் 6 லிட்டர் கொதிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். உப்பையும் காரத்தையும் நேராக மூன்று மடங்கு போட்டுவிடாதீர்கள். இரண்டு மடங்கில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். பிரஷர் குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அரிசி, பருப்பு போல உப்பி நுரைப்பவை என்றால் பாதிதான். நிறையப் பேர் வருகிறார்கள் என்று விளிம்புவரை நிரப்பினால் ஆவி போகும் துவாரம் அடைபடும், அது ஆபத்து.

4. அளவும் செலவும்

ஒரு பெரியவருக்கு உத்தேசமாக: அரிசி 75 முதல் 100 கிராம், எலும்பில்லாத இறைச்சி 125 முதல் 150 கிராம், எலும்போடு என்றால் 200 முதல் 250 கிராம். எல்லாமே சமைக்காத எடை. சிறு குழந்தைகளுக்குப் பாதி. குடிக்கத் தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பானங்களுக்கு ஐஸ் தேவையானால் தலைக்கு அரை கிலோ. உணவு வகை கூடக்கூட ஒவ்வொன்றிலும் ஒருவர் எடுப்பது குறையும். எட்டு வகை செய்துவிட்டு எட்டிலும் முழு அளவு செய்தால் பாதி மிஞ்சும்.

செலவுக்கு முதலில் மொத்தத் தொகையை எழுதி, அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வையுங்கள். மீதிதான் உங்கள் பட்ஜெட். நான் பார்த்தவரை பணம் கைமீறுவது முக்கிய உணவுப் பொருட்களில் இல்லை. தூக்கிப் போடும் தட்டு டம்ளர், ஒரே ஒரு கரண்டி மட்டும் தேவைப்படும் விலை உயர்ந்த மசாலா, குளிர்பானம், அலங்காரம், அப்புறம் கடைசி நாள் அவசரத்தில் விலை பார்க்காமல் வாங்குவது, இவைதான் பட்ஜெட்டைத் தின்பவை. தட்டுகளைப் பக்கத்து வீட்டிலோ உறவிலோ இரவல் கேளுங்கள்.

“நான் ஏதாவது கொண்டு வரட்டுமா?” என்று கேட்பவர்களிடம் “ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்தா போதும்” என்று சொல்வது நம் வாயில் தானாக வந்துவிடும். அதற்குப் பதில் குறிப்பாகச் சொல்லுங்கள்: “12 பேருக்குப் பழம் நறுக்கிக் கொண்டு வாங்க.” எதையும் சொல்லாமல் விட்டால் நான்கு பேர் நான்கு இனிப்புப் பெட்டியோடு வருவார்கள். வந்த பிறகு அடுப்பில் சூடாக்க வேண்டியதை மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் அடுப்புத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

5. ஃப்ரிட்ஜ், பாத்திரம், நாற்காலி (1 வாரம் முன்பு)

ஃப்ரிட்ஜைக் காலி செய்யும் வாரம் இது. இருக்கும் மீதியை எல்லாம் சாப்பிட்டு முடியுங்கள், பாதி தீர்ந்த பாட்டில்களை ஒழியுங்கள். குறைந்தது ஒன்றரைத் தட்டு முழுக்க வெறுமையாக இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே, ஃப்ரீசரில் மைனஸ் 18 இருக்கட்டும். சிறிய வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள். காற்றுப் புக இடமில்லாமல் அடைத்தால் நடுவில் இருப்பது குளிராது. அதனால் குளிர்பானங்களை அன்று ஃப்ரிட்ஜில் வைக்காமல் ஒரு வாளியில் ஐஸோடு வெளியே வைத்துவிடுங்கள்.

பரிமாறும் பாத்திரங்களையும் இப்போதே எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த உணவு என்று எழுதிய துண்டுச் சீட்டையும் அதற்கான கரண்டியையும் போடுங்கள். நான்காவது விருந்துவரை எனக்கு எப்போதும் கரண்டிதான் பற்றாமல் போகும். சீட்டுப் போட ஆரம்பித்த பிறகு, எது இல்லை என்பது ஒரு வாரம் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

நாற்காலிகளை எண்ணுங்கள். சிலிண்டர் அடுப்பு என்றால் மாற்று சிலிண்டர் இருக்கிறதா பாருங்கள்.

6. கடைக்கு இரண்டு முறை போங்கள்

கெடாத சாமான்கள் ஒரு வாரம் முன்பு. காய், பால், இறைச்சி இரண்டு நாள் முன்பு. சமைக்காத கோழியை ஃப்ரிட்ஜில் 1 முதல் 2 நாள்தான் வைக்கலாம். அதை மூடிய பாத்திரத்தில், அடித் தட்டில் வையுங்கள். மேல் தட்டில் வைத்தால் அதன் நீர் கீழே உள்ள சாலட்டில் சொட்டும்.

உறைந்த இறைச்சி என்றால் கணக்கு வேறு. ஃப்ரிட்ஜுக்குள் வைத்து இளக வைக்க ஒவ்வொரு 2 முதல் 2.5 கிலோவுக்கும் 24 மணி நேரம் வேண்டும். 5 கிலோ துண்டுக்கு முழுதாக இரண்டு நாளுக்கு மேலேயே ஆகலாம். நான் ஒரு ராத்திரி போதும் என்று நினைத்ததுதான் தவறு. அவசரம் என்றால் நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் முக்கி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். அரை கிலோவுக்கு அரை மணி நேரம் ஆகும், இளகியதும் உடனே சமைத்துவிட வேண்டும். மேடையில் அப்படியே வைத்து இளக வைக்காதீர்கள். உள்ளே உறைந்திருக்கும்போதே வெளிப்பகுதியில் கிருமி பெருக ஆரம்பித்துவிடும்.

7. சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள் (4 நாள் முன்பு)

காலை 6 மணியிலிருந்து முன்னோக்கி எழுதும் அட்டவணை எப்போதும் நீண்டுகொண்டே போகும். தாளின் அடியில் “1:00 சாப்பாடு” என்று எழுதிவிட்டு மேலே ஏறுங்கள். என்னுடைய தாள் கீழிருந்து மேலாக இப்படி இருக்கும்:

1:00 எல்லோரும் உட்காருவது
12:45 பரிமாறும் பாத்திரங்களுக்கு மாற்றுவது
12:15 முந்தின நாள் செய்தவற்றைச் சூடாக்குவது
12:00 விருந்தாளிகள் வருகை, குடிக்கக் கொடுப்பது
11:30 குளித்து உடை மாற்றுவது
11:00 எதுவும் எழுதாத அரை மணி
10:00 அன்று சூடாகச் செய்யும் இரண்டும்
9:30 சாலட், பழம்
8:30 பாத்திரம் கழுவி, மேடையைத் துடைத்துக் குப்பையைக் காலி செய்வது

11 மணிக்கு இருக்கும் அந்த வெற்று அரை மணியை எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏதோ ஒன்று தாமதமாகும். அந்தத் தாமதம் போய் உட்காரும் இடம் அது. தாமதமே ஆகவில்லையென்றால் ஒரு டீ குடியுங்கள்.

முந்தின நாளுக்கும் இதேபோல் ஒரு தாள். மேசையைத் தயார் செய்வது, கிரேவி, இனிப்பு எல்லாம் அன்றே. முந்தின நாள் சமைத்ததில் ஒரு பொறி இருக்கிறது. பெரிய பாத்திரத்தில் சமைத்ததை “ஆறட்டும்” என்று ராத்திரி முழுக்க மேடையில் விட்டுவிடுவோம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி பல மணி நேரம் அந்தச் சூட்டிலேயே கிடக்கும். கொதியிலும் சாகாத சில கிருமிகளின் வித்துகள் அப்போது உயிர்பெறும். அதில் சில உண்டாக்கும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது.

எனவே சமைத்ததும் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாதபடி அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் பாத்திரத்தை வைத்துக் கிளறினால் இன்னும் சீக்கிரம் ஆறும். 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் சூடாக்கும்போது ஓரத்தில் மட்டும் குமிழ் வந்தால் போதாது. நடுவிலும் 74 டிகிரி தொடும்வரை, கிளறிக் கிளறிக் கொதிக்க விடுங்கள்.

8. வேலையைப் பிரித்து எழுதி வையுங்கள்

வந்தவர்கள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து “என்ன செய்யட்டும்?” என்று அன்பாகக் கேட்பார்கள். அந்த நேரத்தில் யோசித்துச் சொல்ல முடியாது. முன்கூட்டியே ஐந்தாறு வேலைகளை எழுதி ஒட்டுங்கள்: தண்ணீர் ஊற்றுவது, ஐஸ் எடுத்து வருவது, குழந்தைகளுக்கு முதலில் பரிமாறுவது, காலித் தட்டு எடுப்பது. என் அக்கா வந்ததும் நேராகத் தாளைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வார். இரண்டு பேரும் பேசவே தேவையில்லை.

9. பரிமாறும்போது

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் கொட்டாதீர்கள். பாதியை வையுங்கள், மீதி அடுப்பில் 60 டிகிரிக்கு மேலோ ஃப்ரிட்ஜிலோ இருக்கட்டும். சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்ததை எடுத்து வைக்காதீர்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில், திறந்த இடத்தில் பரிமாறினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

நீங்களும் அவர்களோடு உட்காருங்கள். நீங்கள் நின்றுகொண்டிருந்தால் விருந்தாளிகளும் நிம்மதியாகச் சாப்பிட மாட்டார்கள்.

10. மிச்சமும் மறுநாளும்

மூடியுள்ள டப்பாக்களை முந்தின நாளே எண்ணி மேடையில் வைத்துவிடுங்கள். சாப்பாடு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், கிளம்புகிறவர்களுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டால் உங்கள் ஃப்ரிட்ஜும் தப்பிக்கும். வழி நீளமாக இருந்தால் ஐஸ் பை ஒன்றும் கூட வைத்துக் கொடுங்கள். மீந்ததை ஃப்ரிட்ஜில் 3 முதல் 4 நாள் வைக்கலாம். சோற்றை மட்டும் சீக்கிரம் ஆற வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

படுக்கப் போகும் முன் அதே நான்கு தாள்களின் ஓரத்தில் எழுதுங்கள்: எது மீந்தது, எது பற்றவில்லை, எந்த வேலைக்கு எழுதியதைவிட அதிக நேரம் ஆனது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது. இரண்டு நாள் போனால் மறந்துவிடும். என்னுடைய உறையில் இப்போது எட்டு விருந்தின் தாள்கள் இருக்கின்றன. அடுத்த பண்டிகைக்குக் கடைப் பட்டியல் போட, போன வருடத் தாளை எடுத்து அளவுகளை மட்டும் திருத்திக்கொள்கிறேன்.